மூன்றாம் மதகும் சுலோச்சனாவின் கையெழுத்தும்

சோலார் கம்பெனி சூப்பர்வைசரோடு போய்விட்டாளாம். சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? அந்த சூப்பர்வைசர் பெஞ்சமினுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. சுலோச்சனாவை அம்மா என்று கூப்பிட்டு, அவள் தூக்குச்சட்டியில் கைவிட்டு ஊறுகாய் எடுத்துத் தின்கிற பிள்ளை. அவனோடு போனாளாம். எங்கே போனாள்? ஏரிக்குக் கீழே, தன் கழனியில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்குத்தான் போனாள். இன்றைக்கும் அங்கேதான் அடுப்பு மூட்டுகிறாள். புகை தெரியவில்லையா?

இந்தக் கதையை ரேஷன் கடை வரிசையில் முதலில் அவிழ்த்துவிட்டவள் கீதா. சுலோச்சனா இருந்த வீட்டுக்கும் கீதா வீட்டுக்கும் ஒரே சுவர். சுவர் ஒன்று என்பதால் அந்தப் பக்கத்துச் சங்கதியெல்லாம் தனக்கு அத்துபடி என்று அவளுக்கு நினைப்பு.

"வூடு கீது, புருசன் கீறான், அத்த வுட்டுட்டு ஒரு பொம்பள கொட்டாய்ல போயி குந்திகினு கீறாள்னா இன்னா அர்த்தம்?" என்றாள்.

"அர்த்தம் வேணும்னா அவளாண்டயே போயி கேளேன். ரெண்டு பர்லாங்குதான்" என்றாள் பின்னால் நின்ற பாக்கியமேரி.

கீதா போகவில்லை. போனால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் பேச என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொரு பேச்சும் இருக்கிறது. ஊருக்கு வந்த பணத்தைத் தன் கழனிக்குத் திருப்பப் பார்த்தாள் என்று. அதற்கும் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், அவள் நிலமும் மூன்றாம் மதகுப் பாசனத்தில்தான் இருக்கிறது. எழுபது சென்ட். அதை அவள் மறைத்தாளா? பசிக்கிறவன் சோறு கேட்டால், உனக்குப் பசிக்கிறது அதனால்தான் கேட்கிறாய் என்று குற்றம் சொல்கிற ஊர் எங்காவது உண்டா? அந்த மதகை நம்பி நாற்பத்திரண்டு குடும்பம் இருக்கிறது. அவள் கேட்டது நாற்பத்திரண்டுக்கும் சேர்த்து.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

சுலோச்சனா புள்ளலூர்ப் பெண். எட்டாவது வரை படித்தவள். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் மோகனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். மோகனுக்கு சென்ட்ரிங் வேலை. கட்டடம் கட்டுகிற இடத்தில் பலகை அடிப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் இருப்பான், அவ்வளவுதான். அவன் அண்ணன் வேதகிரியோ யாரையும் கடைசியாகப் பேசவிடாத மனிதர். ஆகவே மோகன் எப்போதும் அண்ணன் பக்கமே இருந்தான்.

வீடு வேதகிரி பேரில் இருந்தது. அவர் மனைவி போய் ஒன்பது வருஷம். அன்றிலிருந்து அவருக்குக் காலை நாஷ்டாவிலிருந்து ராத்திரிச் சோறு வரைக்கும் சுலோச்சனா கையால்தான். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும் அவரைக் குளிப்பாட்டிவிட்டவள் அவளே. அந்தக் கிழவனார் சாகிறதற்கு முன் பாகம் பிரித்தார்கள். ஏரியை ஒட்டின தலைமடை மூத்தவனுக்கு என்றும் கடைமடை இளையவனுக்கு என்றும் ஆயிற்று. சுலோச்சனா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு.

நம் ஏரிக்கு மூன்று மதகு. முதல் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூன்றாவது மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்து உதிர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏரி எவ்வளவு நிறைந்தாலும் சரி, அந்தப் பொத்தல் வழியே தண்ணீர் பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டாத நேரத்தில் கடைமடையை மூழ்கடித்துவிட்டு ஓடைக்குப் போய்விடும். நவரை நெல் பால் பிடிக்கிற மாசி மாதத்தில் பார்த்தால் ஏரியில் காக்கை குளிக்கத் தண்ணீர் இருக்காது. முதலில் வெள்ளத்தில் நாற்று அழுகும், பிறகு வறட்சியில் கதிர் பதராகும். ஒரே பயிருக்கு இரண்டு சாவு.

மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்துக் கால் தேய்ந்தது. நிதி வரட்டும் என்றார்கள். நிதி வரும்வரை தண்ணீர் காத்திருக்குமா? ஒவ்வொரு மார்கழியிலும் சுலோச்சனாவும் பாக்கியமேரியும் இன்னும் நாலைந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மண்மூட்டையும் வைக்கோல் பிரியும் திணித்து அடைப்பார்கள். எட்டு நாள் தாங்கும். போன மார்கழியில் பாக்கியமேரி எங்கிருந்தோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை மடித்து எடுத்துவந்தாள். விரித்துப் பார்த்தால் வேதகிரியின் பிறந்தநாள் வாழ்த்து. கும்பிட்ட கையும் வெள்ளைச் சட்டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, எங்க மூத்தாரு" என்றாள் சுலோச்சனா.

"பிளாஸ்டிக்கு. மக்கவே மக்காது. அவரும் ஊருக்கு ஒரு தபா தண்ணி கட்டட்டும்" என்று பாக்கியமேரி அவரைச் சுருட்டி மதகு வாயில் திணித்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அடைப்பு இருபத்திரண்டு நாள் நின்றது.

இதற்கிடையில்தான் சோலார் கம்பெனி வந்தது. ஊருக்கு மேற்கே வேர்க்கடலை போடுகிற மேட்டுநிலம் அறுபது ஏக்கரை வேதகிரியும் இன்னும் பத்துப் பேரும் நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். நிலம் முழுக்கக் கண்ணாடிப் பலகையாயிற்று. பலகை கழுவ நம் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். சுலோச்சனாவும் சேர்ந்தாள். வெயில் ஏறிவிட்டால் சுட்ட கண்ணாடியில் தண்ணீர் பட்டு விரிசல் விடும் என்பதால், விடிகிற நேரத்துக்கே போய், நீளக் கழியில் பஞ்சு கட்டி வரிசை வரிசையாகத் துடைத்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவார்கள். வேலை பிடித்துத்தான் இருந்தது.

கம்பெனி வருஷா வருஷம் ஊருக்கென்று ஒரு தொகை ஒதுக்கியது. ஊர் கூடி ஏதாவது ஒரு வேலையைச் சொன்னால் அதற்கு அந்தப் பணம் இறங்கும். ஏழு பேர் குழு வேண்டும், அதில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும், அந்த மூன்றில் இரண்டு பேராவது கையெழுத்துப் போடாவிட்டால் தீர்மானம் செல்லாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். சுலோச்சனா, பாக்கியமேரி, இளவரசி என்று மூன்று பேரை வேதகிரியே குழுவில் போட்டார். தம்பி பெண்டாட்டி, சொன்ன இடத்தில் போடுவாள் என்ற தைரியம்.

முதல் வருஷம் பேருந்து நிழற்குடை கட்டினார்கள். அந்த இடத்தில் பேருந்து நிற்பதில்லை. அது எப்போதும் போலப் புளியமரத்தடியில்தான் நிற்கிறது. இரண்டாம் வருஷம் காசு போட்டால் குடிநீர் வருகிற இயந்திரம் வைத்தார்கள். நாலு மாதம் ஓடியது. இப்போது அந்த அறையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் சுலோச்சனாவின் கையெழுத்து உண்டு.

இதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது போட்டவளுக்கு இப்போது என்ன வந்தது என்கிறார்கள். போட்டாள்தான். எப்படிப் போட்டாள் என்று கேட்க வேண்டாமா?

நம் ஊரில் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவார்கள், விஷயத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். மகளிர் குழுவானாலும் பால் சொசைட்டியானாலும் இதுதான் வழக்கம். பால் சொசைட்டியில் எழுதுகிற பச்சமுத்துதான் ஊர்த் தீர்மானங்களையும் எழுதுவார். தாளின் மேலே தேதி போட்டுவிட்டு, அடியில் விரலை வைத்து, இங்கே போடு என்பார். நடுவில் தாள் வெறுமையாக இருக்கும். இது அவர் ஒருவர் செய்த தப்பு என்று சொல்லிவிட முடியாது. உலை கொதிக்கிறது, கறவை கத்துகிறது, எழுதி முடிக்கிறவரை உட்கார முடியாது என்று சொல்லி அவசரப்படுத்தியவர்கள் பெண்கள்தான். சுலோச்சனாவும் அப்படி ஓடியவள்தான். இந்த வருஷம் ஆனி மாதத்திலும் அப்படி ஒரு வெற்றுத்தாளில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

நாலு நாள் கழித்து, கண்ணாடி கழுவி முடித்துக் கழியை வைக்கிற நேரத்தில், கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து கீர்த்தி என்கிற பெண் வந்தாள். ஊர்ப்பணத்தை மேற்பார்வை பார்க்கிறவள்.

"சுலோச்சனா அக்கா நீங்கதானே? உங்க லெட்டர் படிச்சேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நுழைவு ஆர்ச் வேணும்னு கேட்டிருக்கீங்க. பொதுவா பெண்கள் ஆர்ச் கேக்கமாட்டாங்க" என்று சிரித்தாள்.

சுலோச்சனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கீர்த்தி போனில் காட்டினாள். பச்சமுத்துவின் முத்து முத்தான எழுத்து. ஊருக்குள் நுழையும் இடத்தில் அலங்கார வளைவு இல்லாத குறையால் மகளிர் மிகுந்த மனவேதனை அடைந்திருக்கிறார்களாம். அடியில் சுலோச்சனாவின் கையெழுத்து, அவளே போட்டது, அட்சரம் பிசகாமல்.

"இது முடிஞ்சி போச்சா மேடம்?"

"இது விண்ணப்பம்தான் அக்கா. ஞாயித்துக்கெழமை ஊர் கூடி, நோட்டுல தீர்மானம் எழுதிக் கையெழுத்தானாத்தான் முடிவு."

அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் சுலோச்சனாவின் காது சுட்டது. ஏமாற்றினார்களே என்கிற கோபம் பாதி, தலையைக் கொடுத்தோமே என்கிற வெட்கம் மீதி. ஏரி அப்போது வறண்டு கிடந்தது. மதகில் கைவைக்க அதுதான் காலம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் இன்னொரு வருஷம் போச்சு, இன்னொரு நவரை போச்சு.

சோறு போடும்போது மூத்தாரிடம் கேட்டாள்.

"மாமா, ஆர்ச்சு வேணும்னு நான் எப்ப கேட்டேன்?"

வேதகிரி தலை நிமிரவில்லை. "நீ கேக்கலன்னா இன்னா, வூட்டுக்குப் பெரியவன் நான் கேட்டா நீ கேட்ட மாதிரிதானே. அதுல அப்பா பேரு போடப்போறேன். உன்ன பெத்த பொண்ணு மாதிரி வெச்சிகினு இருந்தாரு. அவருக்கு ஒரு கல்லு நட உனக்கு மனசு வரல."

மாமனார் மேல் அவளுக்குப் பாசம் உண்டு. மூத்தாருக்கும் அது பொய்யில்லை. ஆனாலும் சொன்னாள்:

"அவர் பேர மதகுல எழுதுங்க மாமா. தண்ணி கட்டறவன் தெனமும் படிப்பான். ஆர்ச்சாண்ட பஸ்ஸுல போறவன் படிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்."

மோகன் சாப்பாட்டுத் தட்டிலேயே கண்ணை வைத்திருந்தான். ஆர்ச்சுக்குப் பலகை அடிக்கிற வேலை அவனுக்கென்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை முழுக்கச் சுலோச்சனாவும் பாக்கியமேரியும் வீடு வீடாகப் போனார்கள். மதகைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்கள்: நாளைக்குச் சோறு ஆக்கி இறக்கிவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். பச்சமுத்து நோட்டைத் திறந்தார். கம்பெனி கொடுத்த நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. ஒரு தாளைக் கிழித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மேலே தேதியை எழுதினார். வழக்கம்போலத் தாளின் அடியில் விரலை வைத்தார்.

"வாம்மா, மொதல்ல நீ போடு."

சுலோச்சனா பேனாவை வாங்கினாள். அடியில் போடவில்லை. தேதிக்கு நேர் கீழே, நூல் இடைவெளி விடாமல், பெரிய எழுத்தில் தன் பேரைப் போட்டாள்.

"இன்னாம்மா இது, தலமாட்டுல போட்டுட்ட?"

"கையெழுத்து கேட்டீங்க, போட்டுட்டேன். கால்மாட்டுலதான் போடணும்னு சட்டம் இருக்குதா?"

பாக்கியமேரி வந்து அதை ஒட்டினாற்போல் அடுத்த வரியில் போட்டாள். இளவரசி வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி கைநாட்டு வைத்தாள், அது மூன்று வரிக்கு இடம் பிடித்தது. பச்சமுத்து நோட்டை இழுக்கப் பார்ப்பதற்குள் பக்கம் மேலிருந்து கீழ்வரை நிறைந்துவிட்டது. தீர்மானம் எழுத ஒரு விரற்கடை இடம் இல்லை.

"இப்ப எங்க எழுதறது?" என்றார் பச்சமுத்து.

"அடுத்த பக்கத்துல எழுதுங்க. இது நாங்க வந்ததுக்குப் போட்ட கையெழுத்து. நீங்க எழுதி, எல்லாருக்கும் கேக்கறாப்பல படிங்க. ஒத்துகினா அதுக்குக் கீழ இன்னொன்னு போடறோம்."

"அதுவரைக்கும் குந்துவீங்களா? உலை கொதிக்குதுன்னு நீங்கதானே ஓடுவீங்க?"

"நான் காத்தாலயே ஆக்கி எறக்கிட்டேன்" என்றாள் சுலோச்சனா.

"நானும்" என்றாள் இளவரசி. நானும், நானும் என்று கூடம் முழுக்கக் குரல் எழுந்தது. ஆண்களில் சிலருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேதகிரி எழுந்து நின்றார். "ஊருக்குள்ள நொழையறவன் இது இன்னா ஊருன்னு தெரிஞ்சிக்க வேணாமா? பக்கத்து ஊருல ஆர்ச்சு கீது. நமக்கு இன்னா மரியாதை?"

"தெரியாதவன் எதுக்கு வரான்?" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர்.

"ஆர்ச்சுக்குக் கீழ நெல்லு வெளையுமா நைனா?" என்றாள் பாக்கியமேரி. "வெளையும்னு சொல்லுங்க, இப்பவே போடறேன்."

வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரோடு குழுவின் மற்ற மூன்று ஆண்களும் போனார்கள். பெண்கள் இல்லாமல் ஆர்ச்சு நிறைவேறாது, ஏழில் மூன்றே பேர் என்பதால் ஆண்கள் இல்லாமல் மதகும் நிறைவேறாது. கூட்டம் அப்படியே கலைந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுலோச்சனா வேலைக்குப் போனபோது பெஞ்சமின் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அம்மா, உங்கள கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"எந்த ஆபீசரு சொன்னது?"

"பேரு எதுக்கும்மா. நெலத்துக்காரங்க யாரோ பேசினாங்களாம்."

"உன்ன பேஜார் பண்ணல நைனா. நீ போ, வெயில் ஏறுது. கண்ணாடி வெடிக்கப் போவுது" என்று சொல்லித் திரும்பினாள். அவன் அவளோடு பேசினது அதுதான் கடைசி. அதைப் பார்த்தவர்கள்தான் ஊரில் இப்போது கதை கட்டுகிறார்கள்.

பிறகு இளவரசி வந்தாள். கிணற்றடியில் நின்று அழுதாள். அவள் புருஷன் வேதகிரியின் டிராக்டர் ஓட்டுகிறவன். "ஆர்ச்சுக்கு நான் போட்டுட்டேங்கா. மன்னிச்சிக்கோ" என்றாள்.

"அழாதே. உன் வூட்டு அடுப்பு எரியணும்" என்றாள் சுலோச்சனா. கோபம் வந்ததுதான். அதை அந்தச் சின்னப்பெண் மேல் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

இனி ஒரே ஒரு பெண் கையெழுத்துப் போதும். பாக்கியமேரியைக் கேட்டுப் பயனில்லை என்று வேதகிரிக்குத் தெரியும். மீதி இருந்தவள் அவர் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தாள்.

மோகனை அனுப்பினார். மோகன் வந்து அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு கையெழுத்துதானேமே. போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். எனக்கும் மூணு மாசம் வேலை கீது."

"உன் கழனிக்கும் சேத்துதான்யா கேக்கறேன். நீ பலகை அடிக்கணும்னா மதகுக்கு அடி."

"மதகுக்கு இரும்புப் பலகைமே."

"அது தெரியுது இல்ல உனக்கு" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே போய்விட்டான். அவன் அப்படித்தான்.

ஆடி மாதம் முடிவதற்குள் தீர்மானம் போகாவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று தகவல் வந்தது. வேதகிரி கீர்த்தியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். விருந்தாளி முன்னால் சுலோச்சனா மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டார். முந்தின நாளே சொல்லிவிட்டார்: "நாளிக்கி அந்தப் பொண்ணு எதிர நீ போடணும். போடலன்னா இந்த வூட்டுல உனக்கு வேலை இல்ல."

அன்று சுலோச்சனா குறை வைக்காமல் சமைத்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, வாழைக்காய் வறுவல், மிளகு ரசம். விருந்தாளி என்ன பாவம் செய்தாள்? கீர்த்தி வந்து உட்கார்ந்தாள். இலை போட்டுச் சோறும் குழம்பும் ரசமும் பரிமாறியாயிற்று. சோற்றில் கைவைக்கும் முன், நோட்டிலிருந்து படியெடுத்த தீர்மானத் தாள் வந்தது. இந்த முறை பச்சமுத்து வெறுமையாக விடவில்லை, முழுக்க எழுதிவிட்டிருந்தார்.

சுலோச்சனா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தாள். மனமுவந்து ஒருமனதாக என்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"மனசு உவக்கல மாமா. பொய்யி எழுதி வெச்சிகீறாரு." தாளை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஊரு மானத்த வாங்காத. போடு" என்றார் வேதகிரி. குரல் உயரவில்லை. அவர் குரல் உயராதபோதுதான் பயப்பட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கீர்த்தி இரண்டு பேரையும் பார்த்தாள். "அக்கா, கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா உண்மையைச் சொல்லிடறேன். இந்த மாசத்துக்குள்ள ஒண்ணும் வரலன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும்."

"போவட்டும் மேடம். அந்த ஊருலயும் ஒரு மதகு ஓட்டையா இருக்கும்."

பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்துக் கீர்த்தியிடம் கொடுத்தாள். நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. மூன்றாம் மதகுக்குப் பலகை வேண்டும் என்று பாக்கியமேரி எழுதியது. "இது மொதல்ல எழுதி, படிச்சிக் காட்டி, அப்பால வாங்கினது. அங்க முன்ன நான் போட்டு அனுப்பினது வெறுந்தாளு. அது என் தப்பு. அந்தத் தப்புக்கு இதுதான் பதிலு."

கீர்த்தி வாங்கி முழுக்கப் படித்தாள். "நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது. மேல கேக்கணும்" என்றாள். அதைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆர்ச்சுத் தாளை எடுக்கவில்லை. அது இலையோரம் ரசத்தில் நனைந்து கிடந்தது.

வேதகிரி எழுந்து நின்றார். தாளை அவர் பார்க்கவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"இருவத்திநாலு வருசம் என் வூட்டு சோத்தத் துன்னவ நீ."

"நெல்லு உங்க தலைமடையில வெளஞ்சது மாமா. ஆக்கினது நானு. ரெண்டும் நேராப் போச்சு."

"வாசப்படியத் தாண்டினா தாண்டினதுதான். திரும்பி வர முடியாது."

சுலோச்சனா குழம்புச் சட்டியை எடுத்தாள். கீர்த்தியின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "ஆறிடப் போவுது, வயிறாரச் சாப்புடுங்க மேடம். சாப்ட்டுட்டு ஏரிப் பக்கம் வாங்க. எங்க ஓட்டைன்னு காட்டறேன்" என்றாள். அறைக்குப் போய் இரண்டு புடவையும் ஒரு போர்வையும் எடுத்துப் பையில் திணித்தாள். கதவோரம் சாய்ந்திருந்த மண்வெட்டி அவள் புள்ளலூரிலிருந்து சீராகக் கொண்டுவந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மோகன் பின்னால் வந்தான். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. விருந்தாளிக்கு எடுத்தது, வைக்க மறந்திருந்தான்.

"சாயங்காலம் வந்துடுவ இல்லமே?"

"மூணாம் மதகுக்குப் பலகை வரட்டும். அப்ப வரேன். அதுக்கு முன்ன பாக்கணும்னா நீ வா."

அவன் செம்போடு படியில் நின்றான். அவள் தெருவில் இறங்கி, ஏரியைப் பார்க்க நடந்தாள்.